ஆஸ்துமா மருந்துச் சோதனைகள்: சேரும் முன்பும், முடிவைப் படிக்கும்போதும் எழும் கேள்விகள்

"புது மருந்துக்கு ஒரு டிரையல் நடக்குது, சேர்றீங்களா?" என்று டாக்டர் கேட்டால், ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. "புதிய இன்ஹேலர் 60% பலன்" என்ற செய்தியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பவையும் உண்டு. சட்டம் பற்றிய பதில்கள் இந்தியாவுக்குப் பொருந்தும். இதைப் படித்துவிட்டு இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் இன்ஹேலரை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

இன்ஹேலர் அடித்த பத்தாவது நிமிடம் மூச்சு லேசாகிவிடுகிறது. இதை நிரூபிக்கச் சோதனை எதற்கு?

ஆஸ்துமாவில் "இப்போ தேவலாம்" என்ற உணர்வும் மூச்சுக்குழாய் உண்மையில் விரிந்திருக்கும் அளவும் ஒன்றாகவே போவதில்லை. 2011-ல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில் இது பளிச்சென்று தெரிந்தது. சிறிய ஆய்வுதான், கடைசிவரை இருந்தவர்கள் 39 பேர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாட்களில் நான்கும் நடந்தன: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர், மருந்தே இல்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர், எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. கருவியில் ஊதிப் பார்த்தபோது சால்பியூட்டமால் எடுத்த நாளில் மூச்சின் அளவு சுமார் 20% கூடியது. மற்ற மூன்றிலும் சுமார் 7% மட்டுமே. ஆனால் "எவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று வாய்வழியாகக் கேட்டால் சால்பியூட்டமாலுக்கு 50%, வெற்று இன்ஹேலருக்கு 45%, போலி அக்குபங்சருக்கு 46%, சும்மா இருந்ததற்கு 21% என்றார்கள்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மருந்தில்லாத இன்ஹேலரும் நிஜமாகவே ஆறுதல் தந்திருக்கிறது, குழாய் மட்டும் விரியவில்லை. ஆபத்து இங்கேதான். குழாய் சுருங்கியே இருக்க, ஆளுக்கு மட்டும் நன்றாக இருப்பதாகத் தோன்றினால் மருத்துவமனைக்குப் போவது தள்ளிப்போகும். அதனால் "சாப்பிட்டவர்கள் எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்பதை மட்டும் ஆதாரமாகக் காட்டும் எந்த ஆஸ்துமா மருந்தையும், அது எந்த மருத்துவ முறையைச் சேர்ந்ததானாலும், நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படியானால் எதைத்தான் அளக்கிறார்கள்?

மூன்று வகை அளவுகள் உண்டு. முதலாவது எஃப்.ஈ.வி.1. நெஞ்சு நிறைய இழுத்து முழு வேகத்தில் ஊதும்போது முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று இது. இரண்டாவது கேள்வித்தாள். ஏ.சி.க்யூ. என்ற தாளில் மதிப்பெண் 0 முதல் 6 வரை, கூடினால் மோசம். 0.5 புள்ளியாவது மாறினால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரியும். ஏ.சி.டி. என்ற இன்னொரு தாள் இதற்குத் தலைகீழ்: 5 முதல் 25 வரை, 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கவலைப்படுகிறவர்கள் நிறைய.

மூன்றாவது, எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது, கடும் இழுப்பு எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை. "கடும்" என்பதை அவரவர் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. குறைந்தது 3 நாள் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தேவைப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஸ்டீராய்டு கொடுக்கும் அளவுக்கு எமர்ஜென்சியிலோ வார்டிலோ சேர்ந்திருக்க வேண்டும். இழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். பனிக்காலத்தில் தொடங்கி வெயிலில் முடிக்கும் 12 வார ஆய்வில் எந்த மருந்தும் நல்ல பெயர் வாங்கிவிடும். ஆகவே இழுப்பை எண்ணும் சோதனைகள் பெரும்பாலும் 52 வாரம் ஓடும்.

ஸ்பைரோமெட்ரியில் (மூச்சின் அளவைப் பார்க்கும் ஊதல் டெஸ்ட்) ஊத வைத்தே களைக்க வைக்கிறார்களே, ஒரு தடவை போதாதா?

போதாது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் மாட்டி, உதடு சுற்றிலும் காற்று கசியாமல் மவுத்பீஸைக் கவ்வ வேண்டும். முழுதாக இழுத்த பிறகு ஒரு நொடிகூடத் தயங்காமல் வெடித்தாற்போல் ஊத வேண்டும். கருவியில் கோடு சமமாகும் வரை, அதிகபட்சம் 15 விநாடி, தொடர்ந்து ஊத வேண்டும். இப்படித் தேறும் ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டின் எஃப்.ஈ.வி.1 வித்தியாசம் 150 மி.லி.க்குள் வர வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக எட்டு முயற்சியோடு நிறுத்திவிடுவார்கள்.

தப்பாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, முழுதாக இழுக்காமல் ஊதுவது. இன்னொன்று, முதல் வேகம் முடிந்ததும் "அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவது. பல்செட் தளர்வாக இருந்தால் காற்று கசியும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஊதல் குறையும். ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே புகையும் கடும் உடற்பயிற்சியும் கூடாது. காபியிலுள்ள காஃபீன் மூச்சுக்குழாயைக் கொஞ்சம் விரிக்கும், அந்த விளைவு நான்கு மணி நேரம் வரை நிற்கலாம். காலை டிகாஷனைக்கூடத் தள்ளிவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒவ்வொரு விசிட்டையும் காலை ஒரே நேரத்தில் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஆஸ்துமாக்காரருடைய மூச்சு விடியற்காலையில் குறைந்து மதியத்துக்கு மேல் கூடும். முதல் விசிட் காலை 8 மணிக்கும் அடுத்தது மாலை 4 மணிக்கும் நடந்தால், கிடைத்த முன்னேற்றம் மருந்தாலா கடிகாரத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

விசிட்டுக்கு முன் இன்ஹேலரை நிறுத்தச் சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம்?

பொதுவான கணக்கு இது: சால்பியூட்டமால் என்றால் 4 முதல் 6 மணி நேரம். நீண்ட நேரம் விரிக்கும் ஃபார்மோடெரால், சால்மெடெரால் கலந்தவை என்றால் 24 மணி. விலான்டெரால், இன்டகடெரால் 36 மணி. டியோட்ரோபியம் 36 முதல் 48 மணி. சரியான எண் உங்கள் சோதனையின் திட்ட ஆவணத்தில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

கலவை இன்ஹேலரில் ஸ்டீராய்டும் விரிப்பானும் ஒரே டப்பாவில் இருப்பதால், ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடும். ஒரு வேளைக்கு அது பெரிய விஷயமில்லை, விசிட் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். விசிட் வீணாவதற்கு முதல் காரணம், பல் துலக்கியதும் பழக்க தோஷத்தில் இரண்டு பஃப் இழுத்துவிட்டு வருவதுதான். முந்தின இரவே இன்ஹேலர் மேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்தால் கை தானாக நின்றுவிடும்.

ஆனால் இரவில் மூச்சு முட்டினால் தயங்காமல் இன்ஹேலரை அடியுங்கள். காலையில் போன் செய்து சொன்னால் வேறு நாள் கொடுப்பார்கள். டெஸ்டுக்காக யாரும் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

ஊசி மருந்துகளுக்கு இடைவெளி இன்னும் நீளம். ஓமலிசுமாப் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 26 நாள் ஆகும். அதன் ஐந்து மடங்கு, அதாவது 130 நாள் கழிந்த பிறகே பல சோதனைகளில் சேர விடுவார்கள்.

எனக்கு ஆஸ்துமா இருப்பது இருபது வருடமாகத் தெரியும். ஸ்கிரீனிங்கில் "தகுதியில்லை" என்று அனுப்பிவிட்டார்களே?

பெரும்பாலும், மருந்தால் மூச்சுக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று பார்க்கும் ரிவர்சிபிலிட்டி டெஸ்டில்தான் ஆட்கள் தட்டிப்போவார்கள். முதலில் ஊதச் சொல்வார்கள். பிறகு இன்ஹேலரில் மாட்டும் குழாயான ஸ்பேசர் வழியாக 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு பஃப் சால்பியூட்டமால் கொடுத்து, 10-15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். எஃப்.ஈ.வி.1 குறைந்தது 12% கூட வேண்டும், அதோடு 200 மி.லி.யும் தாண்ட வேண்டும். 1.50 லிட்டர் 1.75 ஆனால் 250 மி.லி., கிட்டத்தட்ட 17%: தேறிவிட்டீர்கள். 2.40 லிட்டர் 2.64 ஆனால் 240 மி.லி. கூடியிருந்தாலும் சதவீதம் 10தான்: தேறவில்லை. உங்களுக்கு ஆஸ்துமா இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்து ஒழுங்காக எடுத்து, குழாய் ஏற்கெனவே விரிந்திருந்தாலும் இப்படித்தான் வரும்.

புகைப்பழக்கம் அடுத்த வடிகட்டி. தினம் ஒரு பாக்கெட் (20 சிகரெட்) வீதம் பத்து வருடம் பிடித்திருந்தால் அது 10 பேக்-இயர். ஆஸ்துமா சோதனைகள் வழக்கமாக அதற்குக் கீழே உள்ளவர்களையே எடுக்கும், சி.ஓ.பி.டி. சோதனைகள் அதற்கு மேலே உள்ளவர்களை. பீடிக்கு வேறு கணக்கு உண்டு, எத்தனை என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவு வடிகட்டினால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நியூசிலாந்தின் வெலிங்டனில் ஆஸ்துமா உள்ள சாதாரண மக்களைக் கணக்கெடுத்து, உலக வழிகாட்டு நெறிகளுக்கு அடிப்படையான பெரிய சோதனைகளில் இவர்களில் எத்தனை பேர் சேர்ந்திருக்க முடியும் என்று பார்த்தார்கள். 2007-ல் வந்த விடை: இடைநிலை அளவாக வெறும் 4%. விறகடுப்புப் புகையில் முப்பது வருடம் சமைத்த, சர்க்கரையும் பிரஷரும் உள்ள அறுபது வயது அம்மாவுக்கு ஒரு மருந்து எப்படி வேலை செய்யும் என்பதை, அப்படிப்பட்ட ஒருவரைக்கூடச் சேர்க்காத சோதனை சொல்லாது.

டம்மி மருந்து கொடுத்து என்னை இழுக்க விட்டுவிடுவார்களா?

நியாயமான பயம். இப்போது நடக்கும் பெரும்பாலான ஆஸ்துமா சோதனைகளில் டம்மி என்பது உங்கள் வழக்கமான மருந்துக்குப் பதிலாக வராது, அதற்கு மேல் கூடுதலாக வரும். ஒரு குழு ஸ்டீராய்டு இன்ஹேலரும் புது ஊசியும் பெறும், மற்றது அதே ஸ்டீராய்டு இன்ஹேலரும் உப்புநீர் ஊசியும் பெறும். சால்பியூட்டமால் போன்ற அவசர இன்ஹேலர் இரு குழுவுக்கும் கையில் இருக்கும்.

ஒப்புதல் படிவத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: "நான் இப்போது எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடருமா, குறைக்கப்படுமா, நிற்குமா?" நிறுத்தும் சோதனைகளும் உண்டு. அப்படியானால் எந்தக் கட்டத்தில் உங்களை வெளியே எடுத்து வழக்கமான சிகிச்சை தருவார்கள் என்பது எண்ணோடு எழுதியிருக்க வேண்டும். உதாரணமாக, எஃப்.ஈ.வி.1 தொடக்க அளவிலிருந்து 20% சரிந்தால் வெளியே. "டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்ற ஒற்றை வரி போதாது.

இந்தியச் சட்டத்தில் இன்னொரு பிடி உண்டு. தர வேண்டிய வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் டம்மி கொடுத்து, அதனால் கேடு வந்தால் அது இழப்பீட்டுக்கு உரிய கேடு.

எந்த மருந்து எனக்கு என்று டாக்டரே முடிவு செய்யக்கூடாதா?

கூடாது. தேறுவார் என்று தோன்றுகிறவருக்குப் புது மருந்தும் மற்றவருக்குப் பழையதும் போய்விடும். இந்தக் குலுக்கல் ஒழுங்கே நுரையீரல் நோயில்தான் பெயர் பெற்றது. பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தபோது எல்லாருக்கும் கொடுக்கும் அளவு இல்லை. 107 நோயாளிகளை ஒட்டிய உறைகளுக்குள் இருந்த சீட்டுப்படி பிரித்தார்கள். முடிவு 1948-ல் வந்தது.

குலுக்கினால் போதாதா? யாருக்கு எது என்று ஏன் மறைக்கிறார்கள்?

முதல் பதிலில் சொன்ன வெற்று இன்ஹேலர் கதைதான் காரணம். மறைப்பது நினைப்பதைவிடக் கஷ்டம். ஒரு மருந்து அழுத்தும் பஃப், இன்னொன்று ரோட்டாகேப் மாதிரிப் பொடி என்றால், எல்லாரும் இரண்டையும் எடுப்பார்கள். ஒன்றில் மருந்து இருக்கும், மற்றது வெற்று. ருசி, மணம், டப்பாவின் நிறம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

மறைப்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ச் செடி ஒன்றே சாட்சி. நஞ்சறுப்பான் இலையை ஆஸ்துமாவுக்கு மெல்வது பழைய வழக்கம். டெல்லியில் ஷிவ்புரி என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை இரட்டை மறைப்பில் (நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல்) சோதித்து 1969-ல் வெளியிட்டார்கள். காலையில் ஓர் இலை வீதம் ஆறு நாள். ஒரு வாரத்தில் இலை மென்றவர்களில் 62% பேருக்கும் போலியை மென்றவர்களில் 28% பேருக்கும் நல்ல குணம் தெரிந்தது. ஆனால் அந்த இலை வாயைப் புண்ணாக்கும், உப்பு ருசி தெரியாமல் செய்யும், வாந்தி வரவழைக்கும். வாய் எரிகிறவருக்குத் தன்னிடம் இருப்பது நிஜ இலை என்று தெரியாமலா இருக்கும்? அந்த 62-ல் எவ்வளவு இலையினுடையது, எவ்வளவு நம்பிக்கையினுடையது என்று பிரிக்க வழியில்லை. பிறகு 1979-ல் இந்தியாவிலேயே வந்த இன்னொரு மறைப்புச் சோதனையில் பலன் தெரியவில்லை. இலை பயனற்றது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம்.

யோகாவுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கண்ணைக் கட்டிப் பிராணாயாமம் செய்ய வைத்தாலும், செய்கிறோம் என்பது செய்கிறவருக்குத் தெரியுமே. அங்கே கேள்வித்தாளைவிட எஃப்.ஈ.வி.1-யும் இழுப்பு எண்ணிக்கையையும் பாருங்கள்.

டைரியில் ஒன்றிரண்டு நாள் விட்டுப்போனால் மொத்தமாக நிரப்பிவிடலாமா?

வேண்டாம். விட்ட நாளை விட்டதாகவே காட்டுங்கள். காலையில் மருந்துக்கு முன், ஊதும் வேகத்தைக் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும், சராசரியை எழுதக் கூடாது. இரவு எழுந்தீர்களா, அவசர இன்ஹேலர் எத்தனை பஃப் என்பதும் அன்றன்றே. இப்போது இது பெரும்பாலும் மின்னணுக் கருவி. பதிவு செய்த நேரம் அதிலேயே பதிந்துவிடும், மொத்தமாக நிரப்பினால் அப்படியே தெரியும்.

மருந்து எடுப்பதிலும் இதே கதைதான். அமெரிக்காவில் நுரையீரல் நோய்க்கான ஒரு பெரிய சோதனையில், அழுத்தும் நேரத்தைப் பதியும் சிப்பை இன்ஹேலரில் பொருத்தினார்கள். சிலர் பல வாரம் தொடாமல் வைத்துவிட்டு, விசிட் நெருங்கியதும் மூன்று மணி நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் அழுத்திக் காற்றில் காலி செய்திருந்தார்கள். டப்பாவை எடை போட்டால் ஒழுங்காக எடுத்த ஆள் மாதிரி இருக்கும். இப்படி ஒரு குழுவில் பலர் செய்தால் நல்ல மருந்தும் வேலை செய்யாதது போலத் தெரியும். "எடுக்க மறந்துவிட்டேன்" என்று சொல்வதால் யாரும் திட்டப்போவதில்லை. அது அவர்களுக்கு வேண்டிய தகவல்.

ஒரு தடவை தோற்ற மருந்து பிறகு எப்படி ஜெயிக்கிறது?

மருந்து மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். மெபோலிசுமாப் என்ற ஊசி ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ள எல்லாரையும் சேர்த்துப் பார்த்த சோதனையில், 2007-ல், குறிப்பிடும்படியான பலன் இல்லை. ரத்தத்தில் அணுக்கள் குறைந்தன, இழுப்பு பெரிதாகக் குறையவில்லை. 2009-ல் இரண்டு சிறு குழுக்கள், சளியில் ஈசினோஃபில் நிறைய இருந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதித்தன. இழுப்பு குறைந்தது. 2014-ல் 576 பேரிடம் நடந்த மென்சா சோதனையில், தோலடி ஊசி பெற்றவர்களுக்குக் கடும் இழுப்பு 53% குறைவு. 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சோதனைக்கு முன் ரத்தம் எடுத்து ஈசினோஃபில் எண்ணுவதற்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறுதான்.

மென்சாவில் இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். சேர்ந்தவர்களுக்கு அதற்கு முந்தின வருடம் சராசரியாக மூன்றரைக்கும் மேற்பட்ட கடும் இழுப்புகள் வந்திருந்தன. சோதனையின்போது டம்மி ஊசி பெற்றவர்களுக்கே அது வருடத்துக்கு 1.74 ஆக, கிட்டத்தட்டப் பாதியாக, இறங்கிவிட்டது. மோசமான வருடத்தில் சேர்ந்தார்கள், அடுத்த வருடம் இயல்பாகவே கொஞ்சம் தேவலை. போதாததற்கு மாதாமாதம் டாக்டர் பார்க்கிறார், இன்ஹேலரைச் சரியாக இழுக்கக் கற்றுத் தருகிறார்கள். ஒப்பிடும் குழு இல்லாத ஆய்வு இந்தப் பாதியை முழுக்க மருந்தின் கணக்கில் எழுதிவிடும்.

செய்தியில் "60% குறைவு" என்றால் எப்படிப் படிப்பது?

எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று கேளுங்கள். 2018-ல் வந்த சிக்மா-1, லேசான ஆஸ்துமா உள்ள 3,849 பேரை ஒரு வருடம் பார்த்தது. தேவைப்படும்போது மட்டும் விரிப்பான் அடித்த குழுவுக்கு ஆண்டுக்குக் கடும் இழுப்பு 0.20. தேவைப்படும்போது புடசோனைடு-ஃபார்மோடெரால் கலவை அடித்தவர்களுக்கு 0.07. இது 64% குறைவு. வேறு விதமாகச் சொன்னால், நூறு பேருக்கு வருடம் 20 இழுப்பு வந்த இடத்தில் 7 வந்தது. இரண்டும் ஒரே உண்மைதான், விளம்பரத்தில் முதலாவதுதான் வரும்.

அதே சோதனையில் தினமும் புடசோனைடு எடுத்த மூன்றாவது குழுவுக்கு 0.09. ஆனால் "இந்த வாரம் ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தது" என்று எண்ணிய வாரங்கள் தினமும் எடுத்தவர்களுக்கு 44%, தேவைக்கு மட்டும் கலவை எடுத்தவர்களுக்கு 34%. அதாவது பெரிய இழுப்பைத் தடுப்பதில் இரண்டும் சமம், தினசரித் தொல்லையைக் குறைப்பதில் தினசரி மருந்தே மேல். இதையும் இதன் கூடப் பிறந்த சோதனைகளையும் வைத்து 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜீனா, வெறும் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று மாற்றி எழுதியது. பையில் ஆஸ்தாலின் (சால்பியூட்டமால்) மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இதை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

சோதனையில் ஆபத்து தெரிந்தால் நிறுத்துவார்களா?

நிறுத்தியிருக்கிறார்கள். சால்மெடெரால் வழக்கமான சிகிச்சையோடு பாதுகாப்பானதா என்று பார்க்க 1996-ல் அமெரிக்காவில் ஸ்மார்ட் சோதனை தொடங்கியது. 26,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். இடையில் கணக்குப் பார்த்தபோது ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெடெரால் பக்கம் 13, டம்மி பக்கம் 3. 2003-ல் நிறுத்தினார்கள். சேர்ந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருந்தது பிறகு முக்கியமாகப் பேசப்பட்டது. விரிப்பான் அறிகுறியை மூடிவிடும், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும்.

மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை ஏறியது. ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தாலும் ஆபத்து உண்டா என்று கண்டுபிடிக்க, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் நிறுவனங்களுக்குப் புதிய பெரிய சோதனைகளை விதித்தது. கலவை இன்ஹேலரில் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. 2017 டிசம்பரில் கலவைகளின் பெட்டியிலிருந்து கட்டம் நீங்கியது. சால்மெடெராலைத் தனியாக ஆஸ்துமாவுக்கு எடுக்கக் கூடாது என்பது மட்டும் இன்றும் மாறவில்லை.

நோயே இல்லாத ஆளுக்கு என்ன ஆபத்து?

இருக்கிறது. 2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் எப்படி இயங்குகிறது என்று அறியும் ஆய்வில், 24 வயது ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் ஹெக்சாமெத்தோனியம் என்ற பொருளை முகர்ந்த பிறகு நுரையீரல் கெட்டு இறந்தார். அதை முகரும் மருந்தாகக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்திருக்கவில்லை. அது நுரையீரலைப் பாதிக்கும் என்பது 1950-களின் மருத்துவ இதழ்களிலேயே இருந்தது, ஆய்வாளரின் தேடலில் சிக்கவில்லை. ஆரோக்கியமானவரைச் சேர்க்கும் ஆய்வில் பணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "இதை இதே வழியில், இதே அளவில், இதற்கு முன் மனிதருக்குக் கொடுத்திருக்கிறார்களா?" என்று கேளுங்கள்.

இந்தியாவில் எனக்கு என்ன பாதுகாப்பு?

2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள்தான் அடிப்படை. சோதனையை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு இணையத்தில் தேடுங்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். யார் பணம் போடுகிறார்கள், எந்த ஊர்களில் நடக்கிறது, எதை முதன்மை அளவாக வைத்திருக்கிறார்கள், எந்த நெறிமுறைக் குழு (எதிக்ஸ் கமிட்டி) அனுமதித்தது எல்லாம் அதில் இருக்கும். எண் தர மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஒரு வழக்கறிஞர், ஒரு சாதாரணக் குடிமகன், ஒரு பெண் கட்டாயம், பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். சேர்ந்த பிறகு காரணம் சொல்லாமலே விலகலாம், வழக்கமான சிகிச்சைக்குப் பாதிப்பு வரக் கூடாது.

இழுப்பு வந்து எந்த மருத்துவமனையில் அட்மிட் ஆனாலும், மருந்துக்குச் சம்பந்தமில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும், சோதனைக் குழுவுக்கு உடனே தகவல் போக வேண்டும். அட்மிட் ஆவது சட்டக் கணக்கில் தீவிர நிகழ்வு. ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் அரசு அமைப்புக்கும், நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். சோதனையால் வந்த கேடு என்றால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. உயிரிழப்புக்கான தொகை 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் ஏற்கெனவே இருந்த நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கணக்கிடப்படும். சிகிச்சை பெற்ற எல்லா பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரமாக வையுங்கள்.

குழந்தையைச் சேர்க்கலாமா?

பெற்றோர் கையெழுத்து வேண்டும். 7 வயது முதல் பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், 12 வயதுக்கு மேல் பிள்ளையே எழுத்தில் தரும் சம்மதமும் வேண்டும். பிள்ளை "வேண்டாம்" என்றால் அது வேண்டாம்தான்.

சி.ஓ.பி.டி.க்கும் இதே முறைதானா?

ஏறத்தாழ. ஆனால் அங்கே கேள்வி உயிர்வரை போகும், ஆண்டுகள் நீளும். 2007-ல் வந்த டார்ச் சோதனை 6,000 பேருக்கு மேல் மூன்று வருடம் தொடர்ந்தது. கலவை இன்ஹேலர் குழுவில் இறந்தவர்கள் 12.6%, டம்மி குழுவில் 15.2%. தற்செயல் என்று தள்ள முடியாது எனச் சொல்ல பி மதிப்பு 0.05க்குக் கீழ் வர வேண்டும், வந்தது 0.052. மயிரிழையில் தவறிவிட்டது. டம்மி குழுவில் 44% பேர் பாதியிலேயே மருந்தை விட்டுவிட்டார்கள், கலவை எடுத்தவர்களில் 34%. விட்டவர்களில் பலர் வேறு நல்ல மருந்துக்கு மாறியிருப்பார்கள், அதனால் வித்தியாசம் மங்கியது என்று வாதிடுவோர் உண்டு. அதே சோதனையில் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்தவர்களுக்கு நிமோனியா கூடுதல் என்பதும் வெளிவந்தது. சி.ஓ.பி.டி.க்காரர் காய்ச்சலோடு சளி என்றால் காத்திருக்கக் கூடாது என்பது அதிலிருந்து வந்த நடைமுறை.

காசநோயில் சென்னைக்கே ஒரு பெருமை உண்டு. 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டிலும் மறுபாதிக்குச் சானடோரியத்திலும் ஒரு வருடம் ஒரே விதமான மாத்திரைகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டில் மற்றவருக்குத் தொற்று கூடவில்லை. 1959-ல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு, உலகம் முழுக்கக் காசநோயாளியைச் சானடோரியத்தில் கிடத்திவைப்பதற்கான காரணம் ஆட்டம் கண்டது.

சோதனை முடிந்ததும் மருந்து கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. பலன் தெரிந்து, வேறு மாற்றும் இல்லை என்று ஆய்வாளர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால் இலவசமாகத் தொடர விதியில் இடமுண்டு. சேரும்போதே கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசி விசிட்டில் மூன்றை வாங்காமல் கிளம்பாதீர்கள்: தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த ஸ்பைரோமெட்ரி அச்சு, நாளையிலிருந்து எந்த இன்ஹேலரை எத்தனை பஃப் என்ற சீட்டு, மறைப்பை உடைத்ததும் நீங்கள் எந்தக் குழு என்று யார் சொல்வார்கள் என்ற விவரம். பழைய இன்ஹேலரை ஒரு வருடமாகத் தொடவில்லை என்றால் அது காலாவதியாகியிருக்கலாம். கிளம்பும் முன் புதிது வாங்கி, ஆய்வு நர்ஸ் எதிரிலேயே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள்.